பின்னறை அடுப்புக்கு நான் வயர் மாற்றிய கதை

என் மைத்துனனுக்கு என்னுடைய பின்னறை தேவைப்பட்டது. இதை அவன் என்னிடம் கேட்கவில்லை. தன் அக்காவிடம் கேட்டான். அக்காவும் என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தாள். அவனுடைய அக்கா என்பவள் என் மனைவி.

“தம்பி ரெக்ஸ்டேல் வீட்டை வித்துப்போட்டான். புது வீடு கோடைக்குத்தான் முடியுமாம். அதுமட்டும் இஞ்சை நிக்கட்டும்.”

“நிக்கட்டும். மேலை மகன்ரை அறை சும்மா கிடக்குத்தானே.” மகன் வேறு நகரத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு மட்டும் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவான்.

“அதுக்குள்ளை அவன்ரை ரீவி போகாது.”

“இப்ப ரீவியோ வருகுது, அவனோ வாறான்?”

“ரெண்டும். பின்னறையைக் குடுப்பம்.”

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில், எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்தவை. எங்கள் வீட்டுக்கு மட்டும் பின்னால் ஓர் ஒட்டு உண்டு. எங்களுக்கு வீட்டை விற்ற மனிதர் தன் கையாலே கட்டியது. சுவர் நேராக இல்லை, ஜன்னல் முழுதாகச் சாத்தாது, வீடு முழுவதையும் சூடாக்கும் ஃபர்னஸின் வெப்பக்காற்றுக் குழாய் அதுவரை நீளாது. அதனால் மூலையில் ஒரு பெல்லற் அடுப்பை வைத்திருந்தார். மரத்தூளை அமுக்கிக் கோழித்தீன் அளவில் துண்டுகளாக்கி மூட்டையில் விற்பார்கள். அதை மேலே கொட்டினால் உள்ளே ஒரு திருகு சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக்குத் தள்ளும். ஒரு விசிறி புகையை வெளியே அனுப்பும். இன்னொன்று சூட்டை அறைக்குள் ஊதும். இவ்வளவுதான் சாமான். வீட்டை நாங்கள் வாங்கும்போது மனைவி பார்த்தது சமைக்கும் குசினியை. நான் பார்த்தது அந்த அறையை. என் புத்தகங்களும் மேசையும் சாய்கதிரையும் அங்கேதான் இருக்கின்றன. ரொறன்ரோவில் இத்தனை வருடம் உழைத்து நான் பெற்ற சுதந்திர நாடு அது. எல்லைக்கு ஒரு கதவும் இருந்தது.

“அந்த அறையிலை நான் இருக்கிறனான்,” என்றேன்.

“எங்கை இருக்கிறியள்? அடுப்பு எரியிறதிலும் பாக்க நூந்து கிடக்கிறதுதான் கூட. இந்த வரியம் பத்தவேயில்லை.”

அது உண்மை. போன குளிர்காலம் முழுக்க எரிவதும் அணைந்து நூர்வதுமாக இருந்தது. இந்த முறை முதல் உறைபனிக்குப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை.

“திருத்துவன்.”

மனைவி என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். என் கையால் இந்த வீட்டில் இதுவரை திருந்திய பொருட்களை மனதுக்குள் எண்ணினாள் என்று நினைக்கிறேன். பார்வை சீக்கிரமே முடிந்துவிட்டது.

“சரி. தம்பி சாமான் கொண்டுவாற சனிக்கிழமை அது ஒழுங்கா எரிஞ்சால் அறை உங்களுக்கு. நூந்தால் அடுப்பைத் தூக்கி வெளியிலை வைப்பம். அவன் கரண்ட் ஹீற்றர் பூட்டிக்கொண்டு இருப்பான். பேந்து ஒரு கதையும் கதைக்கக் கூடாது.”

வேலைக்கு ஆள் கிடைக்குமா என்று முதலில் பார்த்தேன். தொலைபேசியில் ஒருவர் அடுப்பின் வயதைக் கேட்டார். சொன்னேன். அனுதாபம் தெரிவித்தார். பிறகு நான் வீடியோக்களிடம் போனேன். தாடி வைத்த மனிதர்கள், கராஜுக்குள் நின்றுகொண்டு, எல்லோரும் ஒரே வசனத்தில் தொடங்குகிறார்கள்: இது மிகச் சுலபம். அந்த வசனத்தை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். கனடாவுக்கு வரப்போகிறேன் என்றபோது ஏஜென்சிக்காரன் சொன்னான்.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே ஓர் எலிக் குடும்பம் கோடைகாலத்தைக் கழித்துவிட்டுப் போயிருந்தது. வயரின் மேற்றோலை உரித்து மெத்தை செய்திருக்கிறார்கள். செம்பு பல்லிளித்தது. எந்த வயர் எங்கே போகிறது என்று காட்டும் படம் தகட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. எலிகள் அதையும் விடவில்லை. நடுப்பகுதியைத் தின்று, ஓரத்தில் இருந்த எச்சரிக்கைகளை மட்டும் எனக்கு வைத்திருந்தன.

சூடு தாங்கும் வயர் வாங்கினேன். வயர் நுனியில் வைத்து நெரிக்கும் தகட்டுக் கொளுவிகள் வாங்கினேன். அவற்றை நெரிக்க ஒரு குறடு வாங்கினேன். பழைய வயர் ஒவ்வொன்றையும் கழற்றுமுன் இரண்டு முனையிலும் காகித நாடா ஒட்டி, திருகு மோட்டர், புகை விசிறி, சூட்டு விசிறி, பற்றவைக்கும் கம்பி என்று எழுதினேன். இந்த அளவு ஒழுங்கை நான் என் எழுத்தில் காட்டியிருந்தால் இன்று வேறு ஆளாக இருந்திருப்பேன். பற்றவைக்கும் கம்பி செத்திருந்தது; புதியது போட்டேன். அடுப்புக் கதவைச் சுற்றிக் காற்றை அடைக்கும் இழைக்கயிற்றையும் மாற்றினேன். சுவர் ப்ளக்கிலிருந்து வரும் வயரையும் புதிதாக இழுத்தேன். எல்லாம் படித்தபடியே செய்தேன். தவறு படிக்காத இடத்தில் நடந்தது.

ஊரில் மின்சாரத்துக்கு நிறம் இருந்தது. சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பால் திரும்பிப் போகும், அதுதான் நியூற்றல். பள்ளிக்கூடத்தில் கற்றது எல்லாம் போய்விட்டது. இது மட்டும் எலும்பில் நிற்கிறது. ரொறன்ரோவில் வாங்கிய வயருக்குள் சிவப்பே இல்லை. கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று. பச்சை நிலத்துக்கு, கறுப்பு நியூற்றல், ஆகவே மிச்சமிருக்கும் வெள்ளையில்தான் கரண்ட் வரவேண்டும். இதில் எனக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. கறுப்பில்தான் இங்கே கரண்ட் என்பதை யாரிடம் கேட்பது? சந்தேகம் வந்தால்தானே கேட்பதற்கு?

விளைவாக நான் சுவிட்சை நியூற்றலில் பூட்டியிருந்தேன். சுவிட்சை அணைத்தால் அடுப்பு அணையும். ஆனால் உள்ளே கரண்ட் நின்றுகொண்டே இருக்கும்.

மைத்துனன் அந்த நேரம் பார்த்து வந்தான். டவுன்ரவுனில் ஒரு கொண்டோக் கட்டடத்தில் பராமரிப்பு வேலை அவனுக்கு. இடுப்பில் அவன் கட்டியிருக்கும் சாவிக்கொத்துச் சத்தம் அவனுக்கு முன்னால் வரும். கையில் அளவுநாடா வேறு. ரீவி எந்தச் சுவரில் தொங்கும் என்று அளக்க வந்திருக்கிறான். என் புத்தக அலுமாரியை ஒரு கையால் தள்ளிப் பார்த்தான்.

“அத்தான், இதையெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டீங்களோ?”

“இல்லை.”

“அப்ப பேஸ்மென்ற்றிலை வைச்சும் வாசிக்காமல் இருக்கலாம்.”

பதில் சொல்லும் தேவையில்லாத ஆள்போலக் காட்ட, நான் சுவிட்சை அணைத்துவிட்டுத் தளர்ந்திருந்த கொளுவி ஒன்றை விரலால் அழுத்தினேன். ப்ளக்கைக் கழற்றவில்லை. சுவிட்ச் அணைந்தால் போதாதா?

போதாது. முழங்கை வரைக்கும் ஒரு உதை வந்தது. நான் பின்னால் போய்ப் பெல்லற் மூட்டையில் இருந்தேன். மைத்துனன் அசையாமல், அளவுநாடாவைச் சுருங்க விட்டான்.

“ஒண்டுமில்லை அத்தான். இஞ்சத்தைக் கரண்ட் குழந்தைப்பிள்ளைக் கரண்ட். ஊரிலையெண்டால் இப்ப நீங்கள் போட்டோவிலை.”

“நீ மாலை வாங்கிக்கொண்டோ வந்தனீ?”

“வேண்டியிருப்பன். அக்கா சொல்லேல்லை.” பிறகு குனிந்து உள்ளே பார்த்தான். “கறுப்பு எங்கை பூட்டியிருக்கிறியள்? அட கடவுளே. எத்தினை வரியமாய்க் கனடாவிலை இருக்கிறியள்?”

அவன் மாற்றிப் பூட்டச் சொன்னான். அவன் போன பிறகு, ப்ளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டே, மாற்றிப் பூட்டினேன். அவன் முன்னிலையில் செய்யாததால் அது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று இன்றைக்கும் கருதுகிறேன்.

அடுப்பு பற்றியது. திருகு சுழன்றது, துண்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, கம்பி சிவந்தது, ஒரு சின்னச் சுவாலை எழுந்து நின்றது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். குளிர்கால ஜக்கெற்றைப் போட்டபடி வந்து வாசலில் நின்றாள். போன குளிர்காலமும் வீட்டுக்குள்ளே அந்த ஜக்கெற்றோடுதான் திரிந்தாள். என் அடுப்புக்கு எதிரான அமைதிப் போராட்டம் அது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

“எரியுது,” என்றேன்.

“எரியட்டும்,” என்றாள். போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அடுப்பு நூர்ந்தது.

அன்றிலிருந்து அது ஒரு வியாதி. நன்றாகத்தான் எரியும். நான் கதிரையைச் சாய்த்து, காலை நீட்டி, விட்ட பக்கத்தைக் கண்டுபிடிப்பேன். அப்போது உள்ளே ஒரு கிளிக் கேட்கும். திருகு நிற்கும். சுவாலை நீலமாகி, நூலாகி, போய்விடும். சில நாள் பின்னேரம் முழுக்க எரியும். சில நாள் அரைப்பக்கம் தாண்டாது. என் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். நெரித்ததை மறுபடி நெரித்தேன். கட்டுப்பாட்டுப் பலகையையே புதிதாக மாற்றினேன். அடுப்பு நன்றி சொல்லி நூர்ந்தது.

மைத்துனன் இன்னொரு நாள், படுக்கையின் நீளத்தை அளக்க வந்தபோது, இந்தக் கிளிக்கை நேரில் கேட்டான்.

“இது வக்கூம் சுவிச், அத்தான்.”

அதைப் பற்றி நானும் படித்திருந்தேன். அடுப்பின் வயிற்றிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் அந்தச் சுவிட்சுக்குப் போகும். புகை வெளியே ஒழுங்காக இழுபடுகிறதா என்று அது பார்த்துக்கொண்டிருக்கும். இழுபடாவிட்டால் திருகை நிறுத்திவிடும். புகை வீட்டுக்குள் திரும்பி வராமல் காப்பது அதன் உத்தியோகம்.

“புதுசு போட்டுப் பாத்தனான். அதுவும் உப்பிடித்தான் செய்யுது.”

“அப்ப ஏன் அது? ரெண்டு வயரையும் கழட்டி ஒண்டாய் முறுக்கி விடுங்கோ. டிரெக்ற்றாக் குடுங்கோ. சும்மா நடுவிலை நிண்டு கேள்வி கேக்கிற சாமான் ஏன்?”

டிரெக்ற். ஊரில், யுத்தகாலப் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது ஒரு மதம். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டோம். மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டினோம். சுவிட்ச், ஃபியூஸ், பாதுகாப்பு எல்லாம் சாமான் கிடைக்கும் நாட்டுக்காரரின் ஆடம்பரம். இயந்திரத்துக்கும் கரண்டுக்கும் நடுவில் நிற்பது எதுவோ அதைக் கழற்றிவிட்டால் உலகம் ஓடும். அந்த நம்பிக்கையில்தான் நாங்கள் உயிர் பிழைத்தோம் என்பதால் அது ஆளைக் கொல்லும் என்று யாராலும் எங்களுக்கு விளக்க முடிவதில்லை.

நானும் அந்த மதத்தில் பிறந்தவன்தான். இரண்டு வயரும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. முறுக்க இரண்டு நொடி. ஆனால் நான் முறுக்கவில்லை. புகையைப் பற்றிய அறிவு என்னைத் தடுத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில், அவன் சொன்னபடி செய்து அடுப்பு எரிந்தால், எரிந்த ஒவ்வொரு நாளும் அது அவனுடைய அடுப்பாகிவிடும். மைத்துனன் மேலுள்ள வெறுப்பு மனிதனின் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு நான் உயிருள்ள சாட்சி.

“யோசிக்கிறன்,” என்றேன்.

“யோசியுங்கோ. சனிக்கிழமைக்கு முதல் யோசிச்சு முடியுங்கோ.” ஜன்னலுக்கு அளவெடுத்தான். திரைச்சீலைக்காம்.

தாடிக்காரர்களில் ஒருவர், காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பைச் சுற்றிப் பிடித்துக் காட்டினார். புகை சாயும் இடத்தில் ஓட்டை இருக்குமாம். ஊதுபத்தி எங்கள் வீட்டில் தட்டுப்பாடான பொருளல்ல. சாமித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொளுத்தி, எரிந்துகொண்டிருந்த அடுப்பின் கதவோரம் பிடித்தேன். புகை நேரே மேலே போனது. பக்கத் தகட்டில் பிடித்தேன். நேரே போனது. குழாய் சேரும் இடத்தில் பிடித்தேன். அங்கேயும் ஒன்றுமில்லை.

திடீரென்று புகை சாய்ந்தது. அடுப்பின் பக்கம் அல்ல. அடுப்பை விட்டு விலகி, அறைக் கதவை நோக்கி. யாரோ மறுமுனையில் பிடித்து இழுப்பதுபோல ஒரே கோடாகப் போனது. எனக்குப் பின்னால் கிளிக். திருகு நின்றது.

நான் புகையின் பின்னால் நடந்தேன். கதவைத் தாண்டியது, தாண்டினேன். நடைவழியில் வளைந்தது; வளைந்தேன். ஊதுபத்தியை முகத்துக்கு நேரே பிடித்தபடி, எங்கள் கோயில் ஐயர்கூடக் காட்டாத பயபக்தியுடன், குசினிக்குள் பிரவேசித்தேன்.

எங்கள் குசினி அடுப்புக்கு மேல் ஓர் எக்ஸோஸ்ற் ஃபான் உண்டு. மனைவி கறித்தூளுக்கு மிளகாய் வறுத்த ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரர் இருமிக்கொண்டு வந்து கதவைத் தட்டியதற்குப் பிறகு போட்டது. சாப்பாட்டுக்கடைக்குப் போடவேண்டிய சாமான். முழு வேகத்தில் விட்டால் மேசையிலிருக்கும் காகிதம் எழுந்து நிற்கும். அது இப்போது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே அடுப்பில் சட்டி இல்லை, பானை இல்லை, ஒரு பாத்திரமும் இல்லை. மனைவி ஜக்கெற்றுடன் மேசையில் இருந்து தேநீர் குடித்தாள்.

“என்ன, பூசையோ?” என்றாள்.

“அடுப்பிலை என்ன கிடக்கு?”

“ஒண்டுமில்லை.”

“அப்ப ஃபான் ஏன் ஓடுது?”

அவள் ஃபானைப் பார்த்தாள். ஊதுபத்தியைப் பார்த்தாள். பொய் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. கல்யாணத்துக்கு அது நல்ல குணம் என்று சொன்னவர்கள் யாரும் அவளோடு வாழவில்லை.

“உங்கடை அடுப்பை நூக்க.”

“எப்ப துடக்கம்?”

“போன வரியம் துடக்கம். மீன் பொரிக்கேக்கை கண்டனான். இதைக் கூட்டிவிட்டால் அங்கை அது நூருது.”

“நான் வயர் முழுக்க மாத்தினனான். போர்ட் மாத்தினனான். எனக்குக் கரண்ட் அடிச்சது!”

“நானோ மாத்தச் சொன்னனான்?”

“இது களவு. உம்மடை தம்பிக்கு அறை எடுத்துக் குடுக்கிறதுக்கு...”

“தம்பி இப்பதானே வாறான். நான் போன வரியமெல்லோ சொல்லுறன். குளிருதப்பா எனக்கு!”

“அடுப்பு எரியேக்கையோ குளிருது?”

“ஓம். உங்கடை அடுப்பு எரியேக்கைதான் குளிருது.”

என்னை நடைவழிக்குக் கூட்டிப்போனாள். என் பின்னறைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில், சூட்டை அளந்து ஃபர்னஸைத் தொடக்கி நிறுத்தும் தேர்மோஸ்ராற் இருக்கிறது. அதை விரலால் குத்திக் காட்டினாள். குத்தியது அதைத்தான் என்றாலும் எனக்கு வலித்தது.

“கதவைச் சாத்தினாலும் உங்கடை சூடு முழுக்க இடுக்காலை இதிலை வந்து அடிக்குது. இது வீடெல்லாம் சூடெண்டு நினைச்சு ஃபர்னஸை நிப்பாட்டிப்போடும். நீங்கள் உள்ளை சாரம் மட்டும் கட்டிக்கொண்டு இருக்கிறியள். நான் குசினியிலை ஜக்கெற்றோடை நிக்கிறன். மேலை படுக்கையறையிலை மூச்சு வெள்ளையாத் தெரியுது. அடுப்பு நூந்தால்தான் ஃபர்னஸ் துடங்கும்.”

“இதைச் சொல்லியிருக்கலாமே.”

“மேலை குளிருதெண்டு சொன்னனான். நீங்கள் என்ன சொன்னியள்?”

நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. வாடைக்காற்றைப் பற்றிப் பழைய புலவர்கள் எவ்வளவு பாடியிருக்கிறார்கள் என்று ஒரு சிறு உரை நிகழ்த்தியிருந்தேன். வாடை பிரிந்தவர்களைத்தான் வாட்டும் என்று நம்பியவர்கள் அவர்கள். பிக்கரிங்கில் ஒரே கூரைக்குக் கீழ் ஒரு தம்பதி வாழ்வதைப் பார்த்திருந்தால் இன்னொரு திணை தேவைப்பட்டிருக்கும்.

“தேர்மோஸ்ராற்றை மேலை கழட்டிப் பூட்டினால் சரிதானே. நான் செய்யிறன்.”

“தொடக்கூடாது.” அவள் தேர்மோஸ்ராற்றுக்கு முன்னால் வந்து நின்றாள். “ஒரு வயர் தொடக்கூடாது. தம்பி வந்து செய்வான்.”

“அப்ப சனிக்கிழமை ஃபானைப் போடாதையும்.”

“என்ரை குசினியிலை நான் ஃபான் போடுவன். சனிக்கிழமை தூளுக்கு மிளகாய் வறுக்கப் போறன். எரியிற அடுப்பெண்டால் எரியட்டுமே.”

பின்னறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினேன். நூர்ந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபான் வீட்டுக் காற்றை வெளியே இழுக்கிறது. வீடு மூச்சுமுட்டி, எட்டும் இடத்திலெல்லாம் காற்றைப் பறிக்கிறது. அடுப்புக்குக் கிடைக்கவேண்டிய காற்றும் அதில் போகிறது. ஆனால் இந்த அடுப்பு வீட்டுக் காற்றை நம்பியிருக்கவே கூடாது. நெருப்புக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து எடுக்க அதற்கென்று தனிக் குழாய் பின்னால் சுவரைத் துளைத்துப் போகிறது. அப்படியிருக்க ஏன்?

நிலத்தில் படுத்து, அடுப்புக்குப் பின்னால் கையை விட்டேன். குழாயின் வாய்க்குள் துணி.

என்னுடைய சாரம். பச்சைச் சதுரம் போட்டது. இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் அந்த ஓட்டையால் குளிர்காற்று வந்தது. குளிர் வரும் ஓட்டையைக் கண்டால் அடைக்காமல் போகும் இலங்கைத் தமிழன் ஒருவன் ரொறன்ரோவில் இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள். ஜன்னலுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டுகிறோம், கதவடியில் துவாயைத் திணிக்கிறோம். நான் சாரத்தைத் திணித்திருந்தேன். நெருப்பின் மூக்கை அடைத்துவிட்டு, அது ஏன் மூச்சுவிடுகிறதில்லை என்று அதன் நரம்புகளையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சாரத்தை இழுத்தெடுத்தேன். குப்பைத் தொட்டியின் அடியில் போட்டு மேலே காகிதம் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை மைத்துனன் வான் ஒன்றில் வந்தான். முதலில் ரீவி இறங்கியது. நடைவழியில் சாத்தி வைத்தான். பின்னறையில் அடுப்பு காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. நான் கையில் புத்தகத்துடன் கதிரையில் இருந்தேன். ஒரு வரியும் வாசிக்கவில்லை. மைத்துனன் வாசலில் சாய்ந்து நின்று சுவாலையைப் பார்த்தான்.

“பாவம், அத்தான். நல்லாத்தான் எரியுது.”

குசினியில் தாச்சிச்சட்டி ஏறியது. மிளகாய் விழுந்தது. ஃபான் முழு வேகத்தில் எழுந்த சத்தம் நடைவழியால் வந்தது. சுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிளிக்குக்காகக் காத்திருந்தேன். சுவாலை நடுங்கி, பின்னால் இருந்த குழாயிலிருந்து ஒரு மிடறு காற்றை இழுத்து, நிமிர்ந்தது. திருகு இன்னொரு துண்டைத் தள்ளியது.

மனைவி இன்னும் ஒரு பை மிளகாயைக் கொட்டியிருக்க வேண்டும். ஃபானுக்கும் அது மிஞ்சிவிட்டது. நடைவழியெல்லாம் நெடி. புகை அலாரம் அலறியது. மைத்துனன் இருமினான், நான் இருமினேன், குசினியில் மனைவி தும்மினாள். அடுப்பு மட்டும் இருமவில்லை.

“அக்கா!” மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிப் பக்கம் கத்தினான். “நூருமெண்டெல்லோ சொன்னனீங்கள்?”

எப்போது சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. வென்றவனுக்கு விசாரணை தேவையில்லை. “மேலை இடப்பக்கம் ரெண்டாவது அறை,” என்று மட்டும் சொன்னேன். “பாத்து ஏறு, படி வழுக்கும்.”

மனைவி வாசலுக்கு வந்தாள். அடுப்பை நீண்ட நேரம் பார்த்தாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் அல்ல. “சரி,” என்றாள். “அறை உங்களுக்குத்தான்.”

அன்று பின்னேரம் வரை அந்த அறை எனக்குத்தான் இருந்தது.

பின்னேரம் கதவு தட்டாமல் திறந்தது. மைத்துனன், தலையோடு போர்வை.

“அத்தான், மேலை ஐஸ்பெட்டி. கொஞ்சம் சூடு பிடிச்சிட்டுப் போறன்.”

“தேர்மோஸ்ராற்றை மாத்து. உன்னைத்தான் செய்யட்டாம்.”

“ஓம், ஓம். இந்தக் கிழமைக்குள்ளை செய்யிறன்.” என் சாய்கதிரையில் இருந்தான். நான் மேசைக்கு மாறினேன். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாள் ரீவியும் வந்தது. நடைவழியில் கிடந்தால் யாராவது தட்டி விழுத்திவிடுவார்களாம். அலுமாரியில் இரண்டு தட்டுப் புத்தகங்கள் பேஸ்மென்ற்றுக்குப் போயின. மனைவி வெங்காயத்தையும் பலகையையும் எடுத்துக்கொண்டு வந்து என் மேசையின் பாதியில் இருந்தாள். முதன்முறையாக ஜக்கெற்றைக் கழற்றியிருந்தாள்.

“இது என்ரை அறை,” என்றேன். “பேச்சு அப்பிடித்தானே?”

“ஆர் இல்லையெண்டது? உங்கடை அறையிலைதான் இருக்கிறம்.”

“எனக்கு எழுதவேணும்.”

“எழுதுங்கோவன். நாங்கள் என்ன கையைப் பிடிச்சே வைச்சிருக்கிறம்?” மைத்துனன் ரீவியின் சத்தத்தைக் கூட்டினான். அதில் யாரோ ஒரு பெண் மாமியாரைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். அவன் அக்காவைப் பார்த்துத் தலையசைத்தான். அவளும் தலையசைத்தாள்.

தேர்மோஸ்ராற் இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. நான் அதைத் தொட அனுமதியில்லை. தொட அனுமதியுள்ளவனுக்கு அவசரமில்லை. அவன் வீட்டிலேயே சூடான அறையில் இருக்கிறான். அடுப்போ, என் வேலைப்பாட்டின் தரம் காரணமாக, ஒருமுறைகூட நூர்வதில்லை. நூர்ந்தால் எல்லோரும் எழுந்து போவார்கள்.

இதைக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். விரல் விறைக்கிறது. பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. பிறகு மைத்துனனின் குரல்:

“அத்தான்! பெல்லற் முடியப் போகுது. ஒரு பாக் கொண்டுவந்து கொட்டுங்கோ.”

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போனேன். என் கதிரையில் அவன். மேசைக் கதிரையில் அவள். இருவரும் ரீவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொட்டினேன். திருகு சுழன்றது. சுவாலையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன், அழகாகத்தான் எரிந்தது.

“கதவைச் சாத்திக்கொண்டு போங்கோ,” என்றாள் மனைவி. “குளிர் உள்ளுக்கை வருகுது.”